வேணும்னு கத்துனதும் நான்தான், வேணாம்னு கத்துனதும் நான்தான்

எங்க தொழில்ல நாங்க பேசுறது ஊர் முழுக்கக் காதுல விழும், ஆனா எங்க மூஞ்சிய ஒருத்தர் கூட பாத்திருக்க மாட்டாங்க.

மத்தியானம் சாப்ட்டுட்டு லேசா கண்ணு அசர்ற நேரத்துல உங்க தெருவுல ஒரு ஆட்டோ வந்து, "அன்பார்ந்த பொதுமக்களே!"ன்னு அலறுமே, அது நான்தான். பேரு மரியசூசை. கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் மைக்கு சூசைன்னா தெரியும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, மாதா கோயில் தேர் பவனி, மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம், கண்ணு டெஸ்ட்டு, சாவு சேதி, எல்லாத்துக்கும் இந்த ஒரே தொண்டைதான். கல்யாணத்துல மிமிக்ரியும் பண்ணுவேன். மாப்ள வீட்டுப் பெரியப்பா மாதிரி பேசிக் காட்டுவேன். மண்டபமே சிரிக்கும். பெரியப்பா மட்டும் பக்கத்துல இருக்குறவர்கிட்ட, "யார சொல்றான் இவன்?"னு கேட்டுக்கிட்டு இருப்பாரு.

இப்ப சொல்லப்போறது எல்லாம் லைட் ரயிலு வெவகாரம். பெரிய ரயிலு மாதிரி இல்ல, ரோட்டு ஓரமாவே தண்டவாளம் போட்டு ரெண்டு மூணு பெட்டியோட ஓடுற சின்ன ரயிலு. கடலூரு, பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், நடுவுல இருக்குற கொல்லை, குளம், முந்திரித்தோப்பு எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஒரே பெருநகரம்னு வச்சிக்கிட்டு, அதுக்குள்ள இந்த ரயில விடலாமான்னு மேலேர்ந்து ஒரு யோசனை வந்துது. வந்தது வெறும் யோசனைதான். அதுக்கே ஊரு ரெண்டா பிரிஞ்சிடிச்சி. பஸ்ல ஒத்தக் கால்ல நிக்கிறவங்க, ரயில்வே கேட்ல வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கிறவங்க, மழைத்தண்ணியில முட்டி வரைக்கும் நிக்கிறவங்க, உங்களுக்கெல்லாம் நான் படுறது புரியும். நாம எல்லாம் ஒரே கட்சி.

ரெண்டு பக்க ஆட்டோ

மொதல்ல வந்தவரு வைத்தியநாதன் சாரு. ரிட்டையர்டு இன்ஜினியரு, 'ரயிலு வேணும்' குழுவுக்குத் தலைவரு. "ஆக்சுவலா, மக்கள்கிட்ட விழிப்புணர்வு கம்மி சூசை. நீங்க ஊர் ஊரா போயி சொல்லணும்"னாரு. சரின்னேன். அவரு வண்டி தெரு மொன திரும்பல, என் மச்சான் சேவியர் வந்து நின்னான். என் பொண்டாட்டி ஸ்டெல்லாவோட தம்பி. கடலூர் சிதம்பரம் ரூட்ல தனியார் பஸ்ல கண்டக்டரு. "மாமா, இந்த ரயிலு வந்தா எங்க பஸ்ஸெல்லாம் கோழி அடையத்தான் ஆவும். 'ரயிலு வேணாம்'னு நீதான் கத்தணும்"னான். சொந்தத்துல கேக்குறான், எப்படி மாட்டேன்றது? அதுக்கும் சரின்னேன்.

ஆட்டோ கலியபெருமாளோடது, கலியன்னு கூப்புடுவேன். எதுக்கும் அசராத ஆளு. வண்டிக்கு இடது பக்கம் 'ரயிலு வேணும்' பேனரு, வலது பக்கம் 'ரயிலு வேணாம்' பேனரு கட்டிப்புட்டான். போறப்ப வேணும்னு கத்திக்கிட்டு போறது, திரும்புறப்ப வேணாம்னு கத்திக்கிட்டு வர்றது. "யாராச்சும் கண்டுபுடிச்சா தோல உரிச்சிடுவாங்கடா"ன்னேன். அவன் கயித்த இறுக்கிக் கட்டிக்கிட்டே சொன்னான்:

"ரெண்டு பக்கமும் பாக்குற ஆளு நம்மூர்ல எவன்ணே இருக்கான்?"

அலட்டிக்கிற ஆளு

வேணும்ன்றதுக்கு ஒரு குரல், வேணாம்ன்றதுக்கு ஒரு குரல் வேணுமே. புதுசா யோசிக்க எனக்குச் சோம்பேறித்தனம். வேணும்ன்றதுக்கு வைத்தியநாதன் சாரு குரலையே எடுத்துக்கிட்டேன். பாதி மூக்குலேர்ந்து வரும், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னாடி ஒரு 'ஆக்சுவலா', நடுவுல கண்ணாடிய கழட்டித் தொடைக்கிறதுக்கு ஒரு இடைவெளி. வேணாம்ன்றதுக்கு சேவியரு. "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு பாரு!"ன்னு பஸ்ல கத்துற அதே தொண்டை.

சேவியரு கேட்டுட்டு, "அந்த வேணாம் குரலு சூப்பர் மாமா, யாரோ நல்லா படிச்ச ஆளு மாதிரி இருக்குது"ன்னான். வைத்தியநாதன் சாரு கடலூரு மஞ்சக்குப்பத்துல ரோட்டோரம் நின்னு, அவரு குரல அவரே முழுசா கேட்டாரு. கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு. அப்பறம் என்னை ஓரமா கூப்புட்டு சொன்னாரு:

"ஆக்சுவலா சூசை, விஷயம் நல்லா இருக்கு. ஆனா பேசுறவன் ரொம்ப அலட்டிக்கிறான், வேற ஆள போடுங்க."

பெருநகரம் அடுத்த ஊர்ல

அண்ணாகிராமம் பக்கம் போனப்ப, "பெருநகரப் பகுதி வாழ் பெருமக்களே!"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கமும் முந்திரித்தோப்பு. மனுஷன்னு பாத்தா மாடு ஓட்டிக்கிட்டு வந்த ஒருத்தருதான். அவரு திரும்பிப் பின்னாடி பாத்தாரு. யாரும் இல்ல. மாட்டப் பாத்தாரு. "யாரப்பா கூப்புடுற?"ன்னாரு.

"உங்களத்தாங்க. இதெல்லாம் இனிமே பெருநகரம்"னேன். "இந்தத் தோப்பா?" "ஆமாங்க." "அந்த ஓடை?" "அதுவுந்தாங்க." "மாடு?" நான் மைக்க கீழ எறக்கிட்டேன். வழி தெரியாம வந்துட்ட ஆளுக்கு எடம் சொல்ற மாதிரி, அவரு என் மேல பரிதாபப்பட்டு கைய நீட்டிச் சொன்னாரு:

"நீ தப்பா வந்துட்டப்பா, பெருநகரம் இங்க இல்ல. நேரா போயி பண்ருட்டியில விசாரி, அவுங்கதான் புதுசு புதுசா எதனா வச்சிருப்பாங்க."

பழத்துக்கு எடம்

அவரு சொன்ன மாதிரியே பண்ருட்டி போனேன். பலாப்பழ மண்டி வாசல்ல ஒரு அம்மா, பஸ் கூரையில பழம் ஏத்தி ஏத்தி ஒரம் ஏறுன தோளு. நான் வைத்தியநாதன் சாரு குரல்ல, "ஏசி வசதி கொண்ட பெட்டிகள்"னு சொன்னதும் ஆட்டோவ மறிச்சிட்டாங்க.

"அதுல பழம் ஏத்தலாமா?"ன்னு கேட்டாங்க. வேஷம் போட்டுட்டோமே, "ஆக்சுவலா, மூடுன பெட்டிம்மா, பலாப்பழ வாசனை மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்"னேன். அவ்ளோதான். மண்டியில இருந்த மொத்தப் பேரும் வெளிய வந்துட்டாங்க. கலியன் ஆட்டோவ கெளப்பத் தயாரா காலை வச்சிக்கிட்டான். அந்த அம்மா இடுப்புல கைய வச்சிக்கிட்டுக் கேட்டாங்க:

"பண்ருட்டி வழியா போவுது, பலாப்பழம் ஏறக்கூடாதுன்னா, அது எந்த ஊரு ரயிலுய்யா?"

செவுத்துல செவப்பு பெயிண்ட்டு

இது வரைக்கும் எனக்கு இது கூலிக்குக் கத்துற வேல. ஒரு நாள் காலையில என் வீட்டு வாசலுக்கே வந்துடிச்சி.

ஆலப்பாக்கம் தாண்டி மெயின்ரோட்டுல ஸ்டெல்லா ஒரு இட்லிக்கடை வச்சிருக்கா. என் தொண்டை கட்டுன மாசமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கடைதான். அளக்குறவங்க வந்து டேப்பு புடிச்சாங்க, முக்காலிய நட்டு அதுக்கு மேல ஒரு பொட்டிய வச்சி ஒத்தக் கண்ணால பாத்தாங்க, எங்க கடை செவுத்துல செவப்பு பெயிண்ட்டுல ஒரு அம்புக்குறி போட்டுட்டு, ஆளுக்கு ரெண்டு தோசை சாப்ட்டுட்டுப் போயிட்டாங்க. ரயிலு வந்தா அந்தச் செவுரு வரைக்கும் இடிச்சிடுவாங்களாம். அந்தச் செவுரு போனா கடையில மிச்சம் இருக்குறது கல்லா மேஜையும் ஒரு வேப்பமரமுந்தான்.

எம் பொண்ணு ஜெனி சிதம்பரத்துல காலேஜ் படிக்குது. தெனம் ஆலப்பாக்கத்துல பஸ் ஏறணும். கடலூர்லேர்ந்தே பஸ்ஸு நெறஞ்சிதான் வரும். ஒண்ணு ரெண்டு பேரு எறங்கி சீட்டு காலியான மாதிரி தெரியும், கிட்டப் போனா சீட்டுக்குச் சீட்டு துண்டு கெடக்கும். பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓடி வந்து ஜன்னல் வழியா துண்ட வீசி எடம் புடிச்சிடுவாங்க நம்ம ஜனங்க. ஜெனி படியில தொங்கிக்கிட்டுத்தான் போவும். அதனால ஜெனி ரயிலு வேணும் கட்சி, ஸ்டெல்லா வேணாம் கட்சி. ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசுறத நிறுத்திட்டு, என் வழியா பேச ஆரம்பிச்சாங்க. ஸ்டெல்லா விலைப்பலகைய எடுத்து அந்த அம்புக்குறி மேல மாட்டி மறைச்சா. ஜெனி அதைப் பாத்து சிரிச்சிது. அதுக்கு ஸ்டெல்லா என்கிட்ட சொன்னா:

"உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, ரயிலு வந்தப்பறம் காலையில இட்லிய தண்டவாளத்துலேர்ந்து பொறுக்கித் தின்னச் சொல்லி."

மேலயா கீழயா

கடலூரு ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, வேற மாதிரி. அங்க ஐப்பசி கார்த்திகை வந்துட்டா தண்ணி வீட்டுக்குள்ள சொந்தக்காரன் மாதிரி வரும், சொல்லாமக் கொள்ளாம, திரும்பிப் போறதுக்கும் அவசரப்படாது. மீன் விக்கிற ஒரு அக்கா, பேரு செல்வி, ஆட்டோவ நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுது. "ரயிலு மேல போவுமா, கீழ போவுமா?"

"எடத்துக்கு எடம் மாறும்க்கா, சில எடத்துல தூண் வச்சி மேல போவும்"னேன். "தூணு எவ்ளோ ஒசரம்?" "பஸ்ஸு உள்ள பூந்து போற ஒசரம்." அந்த அக்கா தெருவ ஒரு தடவ பாத்துது, கூரையப் பாத்துது, மனசுக்குள்ள என்னமோ அளந்துது. அப்பறம் கூடைய தலையில தூக்கி வச்சிக்கிட்டு சொல்லிச்சி:

"அப்ப கட்டச் சொல்லு, ரயிலு ஓடலன்னா கூட பரவால்ல. வெள்ளத்துக்குப் புள்ளைங்கள ஏத்தி உக்கார வச்சிக்கிறோம்."

கைய காட்டுனா நிக்குமா

பரங்கிப்பேட்டையில டீக்கடை வாசல்ல மைக்க வச்சேன். நூர் பாய்னு ஒருத்தரு சிங்கப்பூர்ல ரொம்ப காலம் இருந்துட்டு வந்தவரு. "சூசை, நீ தொண்டைய காப்பாத்திக்க, நான் சொல்றேன்"னு எழுந்துட்டாரு. "அங்க இந்த ரயில்ல டிரைவரே கெடையாது மாப்ள. தானா வரும், தானா நிக்கும், தானா போவும்"னாரு. டீக்கடை மொத்தமும் வாயப் பொளந்துட்டு கேட்டுது.

ஒருத்தரு மட்டும் மெதுவா கேட்டாரு. "கைய காட்டுனா நிக்குமா பாய்?" "நிக்காது. ஸ்டேஷன்லதான் நிக்கும்." "ஒரு பொம்பள கொழந்தைய தூக்கிக்கிட்டு ஓடி வருது, அப்பவுமா?" "கதவு மூடிக்கும், போயிடும்." டீ ஆத்துற ஆளு கூட ஆத்துறத நிறுத்திட்டாரு. சேவியரு பஸ்ஸ நெனச்சிக்கிட்டேன். அது கைய காட்டுனா நிக்கும், காட்டலன்னாலும் நிக்கும். வீட்டு வாசல்ல வெளக்கமாத்தோட நிக்கிற பொம்பளையப் பாத்து, "வரியா, இல்ல பெருக்குறியா?"ன்னு கேட்டுட்டுத்தான் போவும். கேள்வி கேட்டவரு டம்ளர கீழ வச்சிட்டு சொன்னாரு:

"தெரிஞ்சவங்க ஓடி வர்றதப் பாத்தும் நிக்காத வண்டியில நாம எதுக்கு பாய் ஏறணும்?"

முட்டுக்கட்டை

சிதம்பரம் கீழவீதியில ஒரு ஜவுளிக்கடை ஓரமா நின்னு வேணும் குரல்ல கத்திக்கிட்டு இருந்தேன். கட்டம் போட்ட லுங்கியில ஒருத்தரு வந்தாரு. தேர் ஓடுறப்ப சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறவரு. தெரியாதவங்களுக்கு சொல்றேன்: அவ்ளோ பெரிய தேர ஆயிரக்கணக்குல ஜனங்க இழுக்குறாங்க, ஆனா திருப்புறதும் நிறுத்துறதும் சக்கரத்துக்கு அடியில கட்டைய தள்ளுற இந்த மாதிரி ஆளுங்கதான். ஒரு நொடி தப்புனா தேரு பக்கத்துல இருக்குற கடைக்குள்ள பூந்துடும்.

"ஏங்க, இந்த ரயிலுக்கு பிரேக்கு யாரு போடுவாங்க?"ன்னாரு. "அதெல்லாம் கரண்ட்டுலயே போட்டுக்கும்"னேன். "கரண்ட்டு போனா?" நம்மூர்ல கேக்கக்கூடாத கேள்வி அது. "தேரு வர்றப்ப மேல போற கம்பி எல்லாம் அவுக்குறோமே, அப்ப உங்க ரயிலுக்கு கம்பி?" நான் கண்ணாடிய கழட்டித் தொடைச்சேன். நான் கண்ணாடியே போடுறதில்ல, ஆனா குரலோட சேந்து அந்தக் கையும் வந்துடிச்சி. அவரு என் தோள்ல தட்டி சொன்னாரு:

"எவ்ளோ பேரு இழுக்குறாங்கன்றது முக்கியம் இல்ல தம்பி, கட்டை போடுறவன் முழிச்சிருக்கானான்னு பாருங்க."

கேட்டு போட்டாச்சி

கடைசியா சிதம்பரத்துல ஒரு கல்யாண மண்டபத்துல பட்டிமன்றம். தலைப்பு, 'நம் பெருநகருக்கு லைட் ரயில் தேவையா?' வேணும்ன்றதுக்கு வைத்தியநாதன் சாரு, வேணாம்ன்றதுக்கு சேவியரு. நடுவரு ஒரு தமிழ் டீச்சரம்மா. அளந்துட்டுப் போன குழுவுலேர்ந்து ஒரு ஆபீசரும் மொத வரிசையில உக்காந்திருந்தாரு, ஜனங்க என்ன நெனைக்கிறாங்கன்னு கேக்க. எனக்கு மைக்கு புடிக்கிற வேல. வந்தவங்களுக்கு டிபன் ஸ்டெல்லா கடையிலேர்ந்து. அதனால ஸ்டெல்லாவும் ஜெனியும் மொத வரிசையில உக்காந்திருந்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நாற்காலி. அதுல மனுஷங்க இல்ல, சட்னி தூக்கு.

மண்டபம் நெறஞ்சிடிச்சி. பேச வேண்டிய ரெண்டு பேரையும் காணோம். ஜனங்க கால ஆட்ட ஆரம்பிச்சிட்டாங்க. போன் அடிச்சா ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்காங்க. சாரு கார்ல முன்னாடி, சேவியரு பஸ்ல பின்னாடி, ரெண்டு வண்டியும் ரயில்வே கேட்ல மாட்டிக்கிச்சி. ஒரு ரயிலு போயி, எதுக்க இன்னொரு ரயிலு வரணுமாம். சேவியரு போன்ல கத்துனான்:

"மாமா, ரயிலு வேணாம்னு பேச வரேன், ரயிலே வுடமாட்டேங்குது!"

ரெண்டு பேரா நான்

டீச்சரம்மா என்னைப் பாத்தாங்க. "ஊர் ஊரா நீங்கதானே பேசுனீங்க? அவுங்க வர்ற வரைக்கும் சமாளிங்க"ன்னாங்க. எந்தப் பக்கம் பேசுனேன்னு அவுங்க கேக்கல, நானும் சொல்லல.

இந்தப் பக்கம் நின்னு, "ஆக்சுவலா"ன்னேன். அந்தப் பக்கம் தாவி, "உள்ள போ, உள்ள போ!"ன்னேன். ஜனங்க குலுங்கிச் சிரிச்சாங்க. ஒரு ஆளு எழுந்து, "ஏற்கனவே ரயிலு இருக்குதே, அது போதாதா?"ன்னாரு. சாரு குரல்ல, "அது ஊருக்கு ஊரு போற ரயிலு, இது தெருவுக்குத் தெரு போற ரயிலு"ன்னேன். சேவியரு குரல்ல, "தெருவுக்குத் தெரு போறதுக்குத்தான்யா நான் இருக்கேன்!"னேன். கைதட்டல். அவுங்க ரெண்டு பேரும் இன்னும் வரல. எனக்கு சரக்கு தீந்துபோச்சி.

மிமிக்ரி பண்றவனுக்கு சரக்கு தீந்தா கையில கெடைச்ச குரல எடுப்பான். என் கையில கெடைச்சது ஜெனி குரலு. "ப்பா, ஒரு காலு படியில, இன்னொரு காலு யாரு கால் மேலன்னே தெரியல. காலேஜ்ல எறங்குறப்ப படிக்கப் போற பொண்ணு மாதிரியா இருக்கேன், அடிதடியில தப்பிச்சி வந்தவ மாதிரி இருக்கேன்!" மண்டபத்துல இருந்த பொண்ணுங்க எல்லாம் விசில். ஒடனே ஸ்டெல்லா குரலு. "ரயிலு பறந்து போவும், அதுல போறவன் எவன் எறங்கி எங்கிட்ட இட்லி கேப்பான்? ஜன்னல் வழியா வீசட்டுமா?" பொம்பளைங்க எல்லாம் கைதட்டுனாங்க.

இங்கதான் நிறுத்தியிருக்கணும். குரலு ஒண்ணு வந்துடிச்சின்னா, அந்தக் குரல்ல நான் கேட்டது எல்லாம் கூடவே வந்துடும். என் தொழில்ல முட்டுக்கட்டை போட ஆளு கெடையாது. ஜெனி குரல்லயே சொல்லிட்டேன்: "ஆனா கடை போயிட்டா அம்மா என்னப்பா பண்ணும்? அம்மா கைய கட்டிக்கிட்டு சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லப்பா. ரயிலு வேணும்னு சொல்லிட்டு, ராவெல்லாம் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன்." வாய மூடல, ஸ்டெல்லா குரலும் வந்துடிச்சி: "பஸ்ஸு சத்தம் கேக்குறப்பல்லாம் அந்தப் பொண்ணு கைய வுட்டுடுமோன்னு நெஞ்சு அடிச்சிக்குது. தோசைய திருப்ப கை வரல. இத அவகிட்ட சொன்னா ரயிலு வேணும்னு ஆயிடும், சொல்லாதீங்க."

மொத வரிசையில ஸ்டெல்லா ஜெனிய பாத்தா. ஜெனி ஸ்டெல்லாவ பாத்துது. நடுவுல சட்னி தூக்கு. ஸ்டெல்லா எழுந்து, என்கிட்ட சொல்லல, நேரா மக கிட்டயே சொன்னா: "கடை போனா போவுது. ரயிலு போடட்டும், நீ உக்காந்து போ." ஜெனி எழுந்து, "ஒண்ணும் வேணாம், நான் நின்னுக்கிட்டே போறேன். கடை இருக்கட்டும்." "வேணும்ன்றேன்!" "வேணாம்ன்றேன்மா!" "எதுத்துப் பேசாத!" "நீ மொதல்ல உக்காரு!" டீச்சரம்மா மணி அடிக்கிறாங்க, ரெண்டு பேரும் கேக்கல. ஆபீசரு பேனாவ மூடி பாக்கெட்டுல சொருகிட்டாரு. அந்த நேரம் பாத்து சேவியரு வேர்த்து விறுவிறுத்து உள்ள ஓடி வந்தான், வைத்தியநாதன் சாரு பின்னாடியே. அக்கா மேடைக்குக் கீழ நின்னு "ரயிலு வேணும்"னு கத்துறத கேட்டுட்டு அப்படியே நின்னுட்டான்:

"மாமா, நான் வர்றதுக்குள்ள எங்க அக்காவ என்ன பண்ண?"

கடைக்கு ரெண்டு வாசல்

தீர்ப்பு எதுவும் சொல்லல. டீச்சரம்மா, "ரெண்டு கட்சியும் கட்சி மாறிட்டதால பட்டிமன்றம் இத்தோட முடியுது"ன்னு சொல்லிட்டு டிபன் சாப்ட போயிட்டாங்க. வைத்தியநாதன் சாரு என்னைத் தேடி வந்தாரு. வெசவு வாங்கத் தயாரா நின்னேன். "ஆக்சுவலா சூசை, அந்த அலட்டிக்கிற குரல நீங்க கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல பாருங்க"ன்னு அதுக்குத்தான் வருத்தப்பட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சி அந்த ஆபீசரு கடைக்கே வந்தாரு. மறுபடியும் மொதல்லேர்ந்து அளக்கச் சொல்லியிருக்காங்களாம். ஜெனி அவர கடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி, வேலிக்கருவ மண்டிக் கெடக்குற எடத்தக் காட்டுச்சி. "தண்டவாளத்த இப்படி கொஞ்சம் வளைச்சா எங்க செவுரு தப்பிச்சிடும் சாரு"ன்னுது. ஸ்டெல்லா அவரு தட்டுல கேக்காமயே ஒரு வடைய வச்சா. அவரு வாயில வடையோட, "பாக்கலாம்மா"ன்னாரு. அரசாங்கத்துல பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஸ்டெல்லா அன்னைக்கே கொத்தனார வரச் சொல்லி பின்பக்கச் செவுத்தக் காட்டிட்டா:

"முன்னாடி பஸ்ஸுக்கு ஒரு வாசல் இருக்குது, பின்னாடி ரயிலுக்கு ஒரு வாசல் வுட்டு வையிப்பா."

துண்டு

இப்போதைக்கு ரயிலு வரல. செவப்பு அம்புக்குறி மேல விலைப்பலகை அப்படியேதான் தொங்குது. கலியன் ஆட்டோவுல ரெண்டு பேனரையும் அவுத்துட்டு ஆடித் தள்ளுபடி கட்டியாச்சி. ஒண்ணே ஒண்ணு மாறியிருக்குது. அக்கா மக படியில தொங்குறதுக்கு வீட்டுல படுற பாட்ட, அந்த மண்டபத்துல அக்கா சொல்லித்தான் சேவியரு மொத மொதல்ல காதால கேட்டான். தெனம் கூட்டத்தோட கூட்டமா பாத்தவனுக்கு, தன் பஸ்ஸுலதான் அது தொங்குதுன்றது அப்பதான் ஒறைச்சிது. மறுநாள்லேர்ந்து கடலூர் பஸ் ஸ்டாண்டுலயே ஜன்னல் ஓர சீட்டுல அவன் கழுத்துத் துண்ட போட்டு வச்சிடுறான். ஆலப்பாக்கம் வர்ற வரைக்கும் அந்தத் துண்டுக்கு அவன்தான் காவல். எவன் வந்து உக்காரப் போனாலும், "சார், அங்க ஆளு இருக்காங்க"ன்றான். "எங்கய்யா ஆளு?"ன்னா, "ஆலப்பாக்கத்துல"ன்றான்.

முந்தாநாள் சாயங்காலம் ஜெனி வீட்டுக்கு வந்து பைய போட்டுட்டு சிரிச்சிக்கிட்டே சொல்லிச்சி:

"ப்பா, காரு ரிப்பேருன்னு பஸ்ல வந்த வைத்தியநாதன் சாரு இன்னைக்கு என் சீட்டுல உக்காந்துட்டாரு, சேவியர் மாமா எழுப்பி வுட்டுடிச்சி. அவரு சிதம்பரம் வரைக்கும் கம்பிய புடிச்சி நின்னுக்கிட்டே, ஆக்சுவலா ரயிலு வேணும்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

ஆகமொத்தம் ஊரு ஊரா கத்தி, ரெண்டு பக்கமும் பேசி, மண்டபத்துல மானத்த வாங்கி, இந்தப் பெருநகரத்தோட போக்குவரத்துப் பிரச்சினைக்கு நாங்க கண்டுபுடிச்ச தீர்வு, என் மச்சான் கழுத்துல கெடந்த ஒரு அழுக்குத் துண்டு.